இடமாறு தோற்றப்பிழை

எங்கள் சர்வே லேப் பேட்ச்சில் ஆறு பேர். மூன்றாம் செமஸ்டர் முழுக்க லெவல் கருவிக்குள் கண் வைத்துப் பார்த்தது இரண்டு பேர்தான். இருவரும் பையன்கள், ஆங்கில வழியில் படித்து வந்தவர்கள். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. முதல் நாள் அவர்கள் ட்ரைபாடைத் தூக்கினார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது. என் கையில் ஃபீல்டு புக்கைக் கொடுத்தார்கள். "உன் கையெழுத்துதான் நல்லாருக்கு, நீயே எழுதேன்." செந்துறைப் பக்கமிருந்து வந்த, தமிழ் வழியில் படித்த ஒருவன் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் வெயிலில் நிற்பான். "நேரா புடிடா" என்று அவனை அதட்டியவர்களில் நானும் ஒருத்தி.

நாங்கள் இருவரும் 2021இல் சேர்ந்தவர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்த முதல் வருடம் அது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்றுக்கொண்டது. அடுத்த செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்து மாதம் 1,000 ரூபாய் என் கணக்கில் விழுந்தது. பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் பிடுங்கப் போகும் என் அம்மாவுக்கு, சிவில் இன்ஜினியர் என்றால் அரியலூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும்போதெல்லாம், "அங்கதான நீ போகப்போற?" என்று கேட்பார்.

இந்தத் திட்டங்கள் இல்லாவிட்டால் நான் உள்ளேயே வந்திருக்க மாட்டேன். ஆனால் உள்ளே வந்தபின் யார் கருவியருகே நிற்பது, யார் வெயிலில் நிற்பது என்பதை எந்த அரசாணையும் சொல்வதில்லை.

செமஸ்டர் முழுக்க பேக் சைட், ஃபோர் சைட் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஏற்றம், இறக்கம் கணக்குப் போட்டு, கடைசியில் கூட்டிச் சரிபார்ப்பேன். கூட்டல் சரியாக வரும். கருவியை ஒருமுறைகூடப் பார்க்காமலே கணக்கை முடிக்க முடியும் என்பதுதான் விபரீதம். ரெக்கார்டு நோட்டில் எனக்குத்தான் அதிக மதிப்பெண்.

செய்முறைத் தேர்வில் தனியாகக் கருவியை வைக்கச் சொன்னார்கள். குமிழி நடுவில் நிற்கவே இல்லை. ஒருவழியாக நிறுத்திக் குனிந்து பார்த்தால் எல்லாம் மங்கல். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "வாட் இஸ் பேரலாக்ஸ்?" என்றார். வாயடைத்து நின்றேன். "தியரியாவது படிச்சிட்டு வரக் கூடாதா?" என்றார்.

அன்றிரவு விடுதியில் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. பேரலாக்ஸ் என்றால் இடமாறு தோற்றப்பிழை. ஆறாம் வகுப்பு அறிவியலில் ஸ்கேலை வைத்து நீளம் அளக்கும் பாடத்திலேயே படித்தது. கண்ணை நகர்த்தினால் அளவு மாறித் தெரியும். பன்னிரண்டு வயதில் தெரிந்த ஒன்றைத் தெரியாதவளாகப் பத்தொன்பது வயதில் நின்றிருக்கிறேன். தோல்வியைவிட அதுதான் அழ வைத்தது.

2010இலேயே அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. 2023இல் உறுப்புக் கல்லூரிகளில் தமிழ் வழியை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். தமிழா ஆங்கிலமா என்ற அந்தச் சண்டையை நாங்களும் விடுதியில் போட்டோம். எனக்குத் தேவைப்பட்டதோ அதைவிடச் சின்ன விஷயம்: இரண்டு சொற்களையும் யாராவது பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியிருக்க வேண்டும்.

சர்வே கேம்ப்பில் ஒரு மேடம் அதைச் செய்தார். பலகையில் இரண்டு வரிசை, தமிழும் ஆங்கிலமும். வைவாவில் முதலில் தெரிந்த மொழியில் சொல்லலாம், பிறகு ஆங்கிலச் சொல்லைச் சேர்க்க வேண்டும். தினமும் வேலை மாறும். யாருக்கு என்ன வேலை என்ற பட்டியல் காலையிலேயே சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். முதல் இரண்டு நாள் வேலை இருட்டும்வரை இழுத்தது. வேகமாகச் செய்து பழகிய இருவரும் முணுமுணுத்தார்கள். "லேட்டானா லேட்டாகட்டும்" என்றார் மேடம்.

என் முறை வந்தபோது மறுபடியும் மங்கல். கைகள் நடுங்கின. மேடம் பக்கத்தில் வந்து, "ஐபீஸை ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கண்ணுக்குத் திருப்பிக்கணும்மா. அடுத்தவங்க வச்சதுல பாத்தா உனக்கு மங்கலாத்தான் தெரியும்" என்றார். திருப்பினேன். குறுக்குக் கம்பி கறுப்பாக, கூர்மையாக வந்து நின்றது.

செந்துறைக்காரன் பார்த்த நாளில் அவனுக்குக் கிடைத்தது பழைய டம்பி லெவல். குனிந்தவன் சட்டென்று நிமிர்ந்து, "டேய், ஸ்டாஃபைத் தலைகீழா புடிச்சிருக்க!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தோம். அந்தக் கருவியில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். ஒரு செமஸ்டர் முழுக்க ஸ்டாஃப் பிடித்தவனுக்கு, அது அந்தப் பக்கமிருந்து எப்படித் தெரியும் என்று யாருமே காட்டவில்லை என்பது உறைத்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. அவனிடம் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும், "எதுக்கு?" என்பான்.

இப்போது அரியலூர் பக்கம் ஒரு சாலைப் பணியில் இருக்கிறேன். பயிற்சிக்கு மாணவர்கள் வந்தால் முதல் நாள் ஸ்டாஃபை நான் பிடித்துக்கொள்கிறேன். அவர்கள் ஒவ்வொருவராகக் கருவியில் பார்த்து முடிப்பதற்குள் மதியமாகிவிடும். "ஏம்மா, இன்னிக்கு வேலை நடந்த மாதிரிதான்" என்று சூப்பர்வைசர் அலுத்துக்கொள்வார். வெயில் நன்றாகவே அடிக்கிறது. அந்தப் பையன் மூன்றாம் செமஸ்டர் முழுக்க இதில்தான் நின்றான்.