நான்கு நிமிடம் முந்தும் பிழை

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. அந்த ஆண்டில் இங்கே வந்த ஹியூலட் பேக்கார்டில் பெண்கள் மெல்லிய கம்பியில் காந்த வளையங்களைக் கோத்துக் கணினி நினைவகம் செய்தார்கள். அதே பேட்டையின் அளவுத்திருத்தக் கூடம் ஒன்றில் நான் பார்க்கப் போனதும் கண்ணும் பொறுமையும் கேட்கிற வேலைதான்.

"வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?" என்ற தொழில்நுட்பப் பெண்ணின் மேசையில் ஒரு புது ஜிபிஎஸ் ரிசீவர், ஒரு ருபீடியம் கடிகாரம், இரண்டின் துடிப்புகளுக்கும் இடைவெளி அளக்கும் கவுண்டர். ரிசீவரின் அதிர்வெண் அலைகிறது என்று புகார்.

ரிசீவர் நொடிக்கொரு துடிப்பு தரும். அது நாளொன்றுக்கு 86.4 நானோநொடி விலகினால், அதிர்வெண்ணில் லட்சம் கோடியில் ஒரு பங்கு பிழை. ஆனால் ஒவ்வொரு துடிப்புமே பல நானோநொடி முன்பின் ஆடும். உள்ளே 48 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் ஓடினால் துடிப்பை 20.8 நானோநொடிப் படிகளில்தான் வைக்க முடியும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எதையும் சொல்ல முடியாது. நாள்கணக்கில் பதிய வேண்டும்.

அப்படிப் பதிந்த வரைகோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினார். எல்லாவற்றிலும் பிற்பகலில் ஒரு மேடு. ஆயிரம் நொடிக்குள் சுமார் 20 நானோநொடி ஏற்றம். அதாவது 10,000 கோடியில் 2 பங்கு பிசகு. மதிய வெயிலா என்று கேட்டேன்.

"மணியப் பாருங்கண்ணே. வெயிலோ ஏர்கோனோன்னா தினம் அதே நேரத்துக்கு வரணும். இது தினம் நாலு நிமிஷம் முன்னாடி வருது. மேலேருந்து வர்ற சங்கதி."

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நாளுக்கு இருமுறை பூமியைச் சுற்றுகின்றன. அந்த நாள் சூரியனின் 24 மணி அல்ல, நட்சத்திரங்களின் 23 மணி 56 நிமிடம். ரோகிணி நேற்றைவிட இன்று 4 நிமிடம் முந்தி உதிப்பதும் இதே கணக்கில்தான். செயற்கைக்கோள் குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போதெல்லாம் மேடு எழுகிறதென்றால், பழுது ரிசீவரிலும் இல்லை, ருபீடியத்திலும் இல்லை. இந்த ஒரு யோசனைக்காகவே நான் அங்கே போனது தகும்.

கூரைக்கு அழைத்துப் போனார். பழைய ஆண்டெனாக் கம்பத்தை ஒட்டி எஃகுத் தண்ணீர்த் தொட்டி. சிக்னல் அதில் பட்டுத் தெறித்து, சுற்றுவழியில் தாமதமாக வந்திருக்கிறது. ஒரு நானோநொடியில் ஒளி போவது 30 சென்டிமீட்டர்தான். ஆண்டெனாவை எதிர்மூலைக்கு மாற்றியபின் எடுத்த வரைகோட்டில் மேடு இல்லை.

அந்தி சாய்ந்தபின் வரும் நடுக்கம் மட்டும் போகவில்லை. பினாங்கு காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. சூரியன் மறைந்ததும் மேலே அயனிமண்டலம் குமிழியிட்டுச் சிக்னலைக் கலைக்கும். அதற்கு ஆண்டெனாவை எங்கே நகர்த்துவது? அந்த நேரத்தில் ருபீடியத்தின் போக்கிலேயே விட்டுவிடுகிறார்கள்.

சான்றிதழில் கடைசியில் ஓர் எண்தான் ஏறும். அதோடு பல நாள் வரைகோட்டையும் இணைக்க வேண்டும் என்று அவர் மேலதிகாரியிடம் கேட்டுவருகிறார். இணைக்கத்தான் வேண்டும்.