சோதனை இல்லாத ஆறாம் ஆண்டு

16 மார்ச் 2020, திங்கள்

பள்ளி விடுமுறையின் நடுவில் இருக்கிறோம். இரவு பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். கோவிட் தொற்றால் புதன் முதல் மலேசியா முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, 31 வரை பள்ளி கிடையாது. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் மாதிரித் தாள்கள் சாப்பாட்டு மேசையில் பாதி திருத்தியபடி கிடக்கின்றன. எழுதிவைக்காவிட்டால் இந்த நாள்களுக்கு அடையாளமே இல்லாமல் போய்விடும் என்று பயம். அதற்குத்தான் இந்த நோட்டு.

25 மார்ச்

ஏப்ரல் 14 வரை நீட்டித்துவிட்டார்கள். காலை எட்டு மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பயிற்சி போடுகிறேன். பாதி வீடுகளிலிருந்து சத்தமே இல்லை. ஒவ்வொரு வீடாக அழைத்துப் பேசினேன். ஓர் அம்மா இங்கே பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு அனுமதிக் கடிதத்தோடு போய்வருகிறார். வீட்டிலிருக்கும் ஒரே கைபேசியும் அவரோடு போய்விடுகிறது. இன்னொரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி, அதுவும் திரை உடைந்தது. "டாப் அப் முடிஞ்சிருச்சு டீச்சர், சம்பளம் வந்ததும் போடுறேன்" என்றார் ஓர் அப்பா. லிட்டில் இந்தியாவில் துணிக்கடையில் வேலை. கடை மூடிக் கிடக்கிறது. எந்தச் சம்பளம்?

இனி இரவு எட்டரைக்குத்தான் பாடம். கைபேசி வீட்டுக்கு வரும் நேரம்தான் எங்களுக்குப் பள்ளி நேரம்.

3 ஏப்ரல்

இன்று யாருக்கும் ஒன்றும் அனுப்பவில்லை.

15 ஏப்ரல், புதன்

இந்த ஆண்டு யு.பி.எஸ்.ஆர்., ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் அரசுச் சோதனை, இல்லை. கல்வி அமைச்சர் அறிவித்துவிட்டார். மூன்றாம் படிவத்தின் பி.டி.3-உம் இல்லை.

குழுவில் உடனே பட்டாசுப் படங்கள், ஆடும் பூனைகள். பையன்களின் குரல் பதிவுகளில் கூச்சல். கேட்டுவிட்டு நானும் சிரித்தேன். பிறகு பெற்றோர் ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினார்கள். டியூசன் கட்டணம் முன்கூட்டியே கட்டியவர், இடைநிலைப் பள்ளியில் நல்ல வகுப்பு கிடைக்குமா என்று கேட்டவர், தேசிய மொழியில் போதிய தேர்ச்சி பெறாத பிள்ளை வழக்கமாக முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்புக்குப் போகுமே, இந்த முறை எதை வைத்துப் பிரிப்பார்கள் என்று கேட்டவர்.

ஒன்பது மணிக்கு அந்த அழைப்பு. வகுப்பின் முதல் மாணவி. எட்டுப் பாடத்திலும் ஏ எடுப்பாள் என்று பள்ளியே எதிர்பார்த்த பிள்ளை. "சாப்பிட மாட்டேங்கிறா டீச்சர், அறைக் கதவ சாத்திக்கிட்டா" என்றார் அம்மா. கைபேசியை அவளிடம் கொடுக்கச் சொன்னேன். வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. "நான் எல்லாம் படிச்சு முடிச்சிட்டேன் டீச்சர்" என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, எனக்கும் சொல்ல ஒன்றும் வரவில்லை.

ஒரு மாதமாகப் பின்வரிசைப் பிள்ளைகளை நினைத்துத்தான் தூக்கம் வராமல் கிடந்தேன். முதலில் ஒடிந்தவள் முன்வரிசைப் பிள்ளை.

19 ஏப்ரல்

சோதனை போய்விட்டது. பாடத்திட்டம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், நான் இருக்கிறேன். யாருக்காகவும் ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆசிரியராகி இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒரு காலம் எனக்கு வாய்த்ததில்லை.

குழுவில் இதைப் போட்டேன்: "இந்த வாரம் டீச்சர் பயிற்சி அனுப்பப் போவதில்லை. உங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கேள்வி கொண்டுவாருங்கள். உங்களுக்கு உண்மையாகவே பதில் தெரியாத கேள்வி. நானும் பதில் சொல்லமாட்டேன். கண்டுபிடிக்க வழி தேடுவோம்."

24 ஏப்ரல்

கேள்விகள் வருகின்றன. ஃபெர்ரி இரும்புதானே, ஏன் மூழ்கவில்லை? காலையில் மட்டும் எங்கள் மாடிக்குத் தண்ணீர் ஏன் மெதுவாக வருகிறது? பாட்டி ஏன் சம்பா, தாளடி என்கிறார், நாம்தான் வயலே பார்த்ததில்லையே?

முதல் மாணவி தனியாக எழுதியிருந்தாள்: "என்ன கேக்கணும்னு நீங்களே சொல்லுங்க டீச்சர். நான் பதில் எழுதிடறேன்."

29 ஏப்ரல்

அமைச்சின் கணக்கெடுப்பு செய்தியில் வந்திருந்தது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்கருவியும் இல்லை. இதே வாரம் மீள்திறன் பற்றி இணையத்தில் ஓர் ஆசிரியர் பயிலரங்கு. நேர்மறை எண்ணம், இலக்கு அமைத்தல், மூச்சுப் பயிற்சி. பேசியவர் நல்ல மனிதர். ஆனால் கைபேசி இல்லாத பிள்ளையிடம் போய் 'உறுதியாக இரு' என்று சொல்வது, நாம் தூக்க வேண்டிய சுமையை அதன் முதுகில் ஏற்றுவது. முதலில் கைபேசி கொடுங்கள், டேட்டா கொடுங்கள். மூச்சு தானாகவே சீராகும்.

6 மே

தொழிற்சாலை அம்மாவின் மகனைப் பற்றி எழுத வேண்டும். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி. இரண்டு தம்பிகள். அம்மா வரும்வரை வீடு இவன் பொறுப்பு. மலாய் வாசிப்பில் மிகவும் பின்தங்கியவன். வகுப்பில் இவன் குரலை நான் அதிகம் கேட்டதில்லை.

போன வாரம் இரவு பத்து மணிக்கு ஒரு குரல் பதிவு. "டீச்சர், அரிசிப் பையில 5%னு போட்டிருக்கு. எது அஞ்சு விழுக்காடு?" பையின் எழுத்துகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, மலாயில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனையே படிக்கச் சொன்னேன். தட்டுத்தடுமாறிப் படித்தான். அகராதி தேடினான். ஒடிந்த அரிசியின் அளவு என்று அவனே கண்டுபிடித்தான்.

மறுநாள் இரவு: "நூறு அரிசி எண்ணினேன் டீச்சர். ஒன்பது ஒடிஞ்சிருக்கு. பொய்யா போட்டிருக்காங்க?" எனக்கு விடை தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டேன். "எண்ணினாயா, நிறுத்தாயா?" என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் இரவு படம் வந்தது. சட்டை மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் கப் கட்டித் தொங்கவிட்டு ஒரு தராசு. ஒரு பால் டின் அரிசியைத் தட்டில் கொட்டி, தம்பிகளையும் உட்காரவைத்து, ஒடிந்ததைத் தனியாகப் பொறுக்கியிருக்கிறான். ஒடிந்தது ஒரு பக்கம், முழு அரிசி கரண்டி கரண்டியாக மறுபக்கம். "ஏறக்குறைய அஞ்சுதான் டீச்சர். ஆறுன்னும் சொல்லலாம். பையோட அடியில எடுத்தா வேற மாதிரி வருமா?"

மாதிரி எடுக்கும் முறை என்பது இதுதான். விழுக்காடு, எடை, எண்ணிக்கை, மலாய் எல்லாம் ஒரு பால் டின்னுக்குள். சின்னத் தம்பி பின்னாலிருந்து "நான்தான் நெறைய பொறுக்கினேன்" என்று கத்துவது பதிவில் கேட்கிறது. அதை மீண்டும் மீண்டும் போட்டுக் கேட்டேன்.

7 மே

நேற்று எழுதியதைப் படித்தேன். ஒன்று விட்டுப்போனது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மூன்று பேருக்குச் சோறு பொங்க வேண்டியிருப்பதை யாரும் புகழக்கூடாது. நானும்தான்.

18 ஜூன்

உளவியலாளர் எம்மி வெர்னர் பற்றி மறுபடி படித்தேன். பயிற்சிக் கல்லூரியில் பெயராக மட்டும் கடந்துபோனவர். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடும்பச் சிக்கல் என்று ஆபத்துகளுக்கு நடுவே வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் நன்றாகவே நிமிர்ந்தார்கள். அவர்களுக்கு நிலையாக ஒரு பெரியவர் இருந்தார், பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இன்னொன்றும் சொல்கிறார்: பிறருக்கு உண்மையாகத் தேவைப்படும் ஒரு வேலை அந்தப் பிள்ளைகளின் கையில் இருந்தது.

தம்பிகளுக்குச் சோறு பொங்குபவனை நினைத்துக்கொண்டேன். பிறகு முதல் மாணவியை. அவள் வீட்டில் அவளை ஒரு டம்ளர் கழுவவும் விடமாட்டார்கள், படிக்கிற பிள்ளை என்று.

15 ஜூலை, புதன்

பள்ளி திறந்தது. ஐந்தாம், ஆறாம் ஆண்டுகள் இன்று வந்தன. வாசலில் வெப்பமானி, முகக்கவசம். 2013-இல் வந்த கல்விப் பெருந்திட்டத்துக்குப் பிறகு 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் என்று மேசைகளைக் குழுவாகச் சேர்த்தோம், சுவரெல்லாம் வண்ணம் அடித்தோம். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளுக்கும் பயிற்சி நூல் வாங்கி விடையை மனப்பாடம் செய்யவைத்தோம். இன்று இடைவெளி விதிப்படி மேசைகளெல்லாம் பழையபடி தனித்தனி வரிசை, என் தாத்தா காலத்து வகுப்பறை போல. ஆனால் நான் கரும்பலகைப் பக்கம் போகவே நேரமாகிவிட்டது. ஹேங்கர் தராசைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். எல்லாரும் இருந்த இடத்திலிருந்தே கேள்வி கேட்டார்கள். தராசு ஒரு பக்கம் சாய்கிறதே, கப் இரண்டும் ஒரே எடையா என்று கேட்டவள் அவள்.

அந்தக் கேள்வியை அவள் எங்கும் எழுதிவைக்கவில்லை. தனக்கு ஒரு கேள்வி வந்ததை அவள் கவனித்ததாகவும் தெரியவில்லை.

2 செப்டம்பர்

தலைவலி. மழை.

21 அக்டோபர்

1816-இல் இதே நாளில் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கியது. அங்கே நடந்த தமிழ் வகுப்பைத்தான் நாட்டில் தமிழ்க்கல்வியின் தொடக்கம் என்கிறோம். 2016-இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினோம். யு.பி.எஸ்.ஆர். வந்தது 1988-இல்தான். பிள்ளைகளிடம் சொன்னேன். "அப்ப அதுக்கு முன்ன இருந்தவங்கள்லாம் கெட்டிக்காரங்க இல்லையா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

8 நவம்பர், ஞாயிறு

நாளை முதல் நாடு முழுவதும் பள்ளிகள் மூடல். ஆண்டு முடியும்வரை. வெள்ளிக்கிழமை வழக்கம்போல "திங்கள் பார்க்கலாம்" என்று அனுப்பிவைத்தேன். பிரியாவிடை இல்லை. தீபாவளிக்கு இன்னும் ஆறு நாள்.

இரவு அவளிடமிருந்து ஒரு செய்தி: "டீச்சர், என்னோட கேள்வி இது. சோதனை இல்லன்னா நான் கெட்டிக்காரின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்லமாட்டேன் என்று ஏப்ரலில் நானே வைத்த விதி. "நல்ல கேள்வி. என்னென்ன வழியில் கண்டுபிடிக்கலாம்?" என்று எழுதினேன். நீல டிக் விழுந்தது.

14 டிசம்பர்

வகுப்பறை மதிப்பீட்டு அறிக்கைகள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று முதல் ஆறு வரை ஒரு நிலை. கணிதத்தில் தராசு செய்தவனுக்கு ஐந்து கொடுத்தேன், மனமார. மலாய்க்கு இரண்டு. தராசை எழுத அறிக்கையில் கட்டம் இல்லை. குறிப்புப் பகுதியில் எழுதினேன்: 'தானாகக் கேள்வி கேட்கிறான். விடை வரும்வரை விடுவதில்லை.' அவனை வாங்கும் பள்ளி அதைப் படிக்க வேண்டும்.

28 ஜனவரி 2021

தைப்பூசம். தண்ணீர்மலைக்குத் தேர் இல்லை. வீட்டிலேயே விளக்கேற்றினோம்.

28 ஏப்ரல் 2021, புதன்

யு.பி.எஸ்.ஆர். இனி எந்த ஆண்டும் இல்லை. அகற்றிவிட்டார்கள். நிம்மதியாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. சோதனையை எடுத்த இடத்தில் எதை வைக்கப் போகிறோம் என்று யாராவது ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். வெற்றிடம் இருந்தால் டியூசன் மையம் நிரப்பிவிடும். இன்றே ஒரு மையத்தின் விளம்பரம் வந்துவிட்டது.

அவன் புகுமுக வகுப்பில் இருக்கிறான். அம்மா சொன்னார். "கணக்கு டீச்சருக்கு இவன ரொம்பப் புடிக்குமாம். ஆனா ஒரு வருசம் போச்சே டீச்சர்." அவளிடமிருந்து அந்தக் கேள்விக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. முதலாம் படிவத்தில் நூலக உதவியாளராகச் சேர்ந்திருப்பதாக அவள் தோழி சொன்னாள். அவள் அம்மாவுக்கு அதில் விருப்பமில்லையாம், படிப்பு கெடும் என்று.

11 மே 2021

நாளை முதல் மீண்டும் நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு. இந்த ஆண்டு ஆறாம் வகுப்புக்கு நோட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறேன். எந்த வீட்டில் கைபேசி எத்தனை மணிக்கு வரும் என்பது ஒன்று. வீட்டில் எந்த வேலை அந்தப் பிள்ளையின் பொறுப்பு என்பது மற்றொன்று. இரண்டாவது பத்தியில் பல வீடுகளுக்கு 'ஒன்றுமில்லை' என்றுதான் பதில் வந்திருக்கிறது. அந்தப் பெற்றோரிடம் இரவு ஒவ்வொருவராகப் பேசப் போகிறேன். சிலர் கோபப்படுவார்கள். மூன்று வீடுகளில் கைபேசியே இல்லை. பழைய கைபேசி யாரிடமாவது இருக்குமா என்று நாளை காலை பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரிடம் கேட்க வேண்டும்.