சதுரமில்லாத ஒரு சதுக்கம்

ஸ்பெயின் நாட்டில் சிஞ்சோன் என்று ஒரு குட்டி ஊர். மாட்ரிட்டிலிருந்து தென்கிழக்கே சுமார் 45 கிலோமீட்டர். பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பதற்குள் வந்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் தங்களைப் பற்றியே ஒரு ஜோக் வைத்திருக்கிறார்கள்: 'எங்க ஊர்ல கோபுரம் இல்லாத சர்ச் ஒண்ணு, சர்ச் இல்லாத கோபுரம் ஒண்ணு!'

ஏன் அப்படி? சொல்கிறேன். அதற்கு முன்னால் சதுக்கத்தைப் பார்த்துவிடுவோம்.

பேர்தான் சதுக்கமே தவிர, சதுரம் கிடையாது. வட்டமும் இல்லை. ஓவியப் பரீட்சையில் ஃபெயிலானவன் முட்டை வரைந்த மாதிரி ஒரு வடிவம். எந்த ராஜாவும் பிளான் போட்டுக் கட்டியதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் சந்தை கூடிய வெளியைச் சுற்றி ஒருத்தர் வீடு கட்டினார், பக்கத்தில் இன்னொருத்தர். இப்படியே போய், பதினேழாம் நூற்றாண்டில்தான் வளையம் மூடியது. ஒவ்வொரு வீட்டுக்கும் மரத்தூண்கள், மேலே பச்சைப் பெயின்ட் அடித்த மர பால்கனிகள். மொத்தம் 234. (எண்ணியது நானில்லை.)

பால்கனி எதற்கு? வேடிக்கை பார்க்கத்தான். 1502-ல் இளவரசர் பிலிப் வந்தபோது, அவரைக் குஷிப்படுத்த இங்கே காளைச் சண்டை நடத்தினார்களாம். அதிலிருந்து, தடுப்பு போட்டால் சதுக்கம் மைதானம், பால்கனிதான் காலரி. அன்றைக்கு மட்டும் பால்கனிக்காரருக்கு எத்தனை சொந்தக்காரர்கள் முளைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்! காளை எப்போதும் தோற்றதாகவும் நினைக்க வேண்டாம். பின்னாளில் ஸ்பெயினையே கலக்கிய ஃப்ராஸ்குவேலோ என்ற வீரரை, 1863-ல் இந்த ஊர்க் காளை ஒன்று குத்தித் தூக்கிவிட்டது.

சினிமாக்காரர்கள் விடுவார்களா? 1956-ல் வந்த 'அரவுண்ட் தி வேர்ல்ட் இன் எய்ட்டி டேஸ்' படத்தில் கன்டின்ஃப்ளாஸ் காளையோடு கூத்தடிக்கும் சீன் இங்கேதான் எடுக்கப்பட்டது. ஊரே எக்ஸ்ட்ரா நடிகர்களாகிவிட்டது. ஆர்சன் வெல்ஸ் ஒருபடி மேலே போய், 1968-ல் வெளியான ஒரு படத்தில் இந்த ஊரை சீனாக் கரையிலுள்ள மக்காவ் ஆக்கிவிட்டார். நல்ல ஊர், எந்த வேஷமும் கட்டும்.

இன்னொரு விஷயம். ஸ்பெயினில் 'ஒரு சிஞ்சோன் கொடுப்பா' என்றால் ஊரைக் கொடுக்க மாட்டார்கள். கிளாஸில் ஊற்றிக் கொடுப்பார்கள். சோம்பு வாசனை அடிக்கும் சரக்கு. அதில் ஸ்ட்ராங்கான ரகத்தில் ஆல்கஹால் 70 சதவீதத்துக்கு மேல். மறுநாள் ஆபீஸ் இருந்தால் வேண்டாம்.

நமக்கும் இந்த ஊருக்கும் ஒரு உறவு உண்டு. மலேரியாவுக்கு க்வினைன் தரும் சிங்கோனா மரம் இருக்கிறதே, அந்தப் பேர் இந்த ஊர்ப் பேர்தான். சிஞ்சோன் பிரபு 1629 முதல் பெரு நாட்டில் வைஸ்ராயாக இருந்தார். அவர் மனைவிக்கு வந்த காய்ச்சலை இந்த மரப்பட்டை தீர்த்தது என்று கதை கிளம்பியது. அதை நம்பி 1742-ல் லின்னேயஸ் மரத்துக்குப் பேர் வைத்தார், ஒரு எழுத்தைக் கோட்டைவிட்டு. வைஸ்ராய் காலத்து நாட்குறிப்பைப் பின்னால் புரட்டிப் பார்த்தால், அந்தம்மாவின் வைத்தியம் பற்றிய கதைக்கு ஆதாரமே இல்லை! ஆனாலும் மரம் 1860-களில் நீலகிரி வரை வந்து வேரூன்றிவிட்டது. வால்பாறைப் பக்கம் சிங்கோனா என்று ஓர் ஊரே இருக்கிறது.

சரி, கோபுரத்துக்கு வருவோம். இங்கே ஜோக் முடிகிறது.

1808. நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் நுழைந்த வருஷம். டிசம்பர் கடைசியில், பிரெஞ்சு சிப்பாய்கள் சிலர் சிஞ்சோனில் கொல்லப்பட்டார்கள். பழிவாங்க வந்தது படை. யார் செய்தது என்றெல்லாம் விசாரிக்கவில்லை. கையில் கிடைத்தவர்களைக் கொன்றார்கள், வீடுகளைக் கொள்ளையடித்தார்கள், கோயில்களுக்குத் தீ வைத்தார்கள். கிராசியா மாதா சர்ச் அழிந்து, அதன் கோபுரம் மட்டும் தனியாக நின்றது. மேட்டின் மேலிருந்து சதுக்கத்தைப் பார்க்கிற இன்னொரு சர்ச், பிரபுக்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. அதற்குக் கோபுரம் கிடையாது. தீயில் அதன் உள்பகுதி நாசமானாலும் சுவர் தப்பித்தது. அதைச் சரிசெய்து ஊருக்குப் பொதுவாக்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான் அந்த ஜோக்கின் கதை.

அந்த ஊரில் பாதிரியாராக இருந்தவர் காமிலோ கோயா. ஸ்பெயினின் மாபெரும் ஓவியர் ஃப்ரான்சிஸ்கோ கோயாவின் தம்பி. நடந்த கொடுமை அண்ணன் காதுக்கு எட்டாமல் இருக்குமா? போரின் பேரழிவுகள் என்று கோயா செதுக்கிய சித்திர வரிசையில் 37-வது படம்: கை வெட்டப்பட்ட ஒரு மனிதன், நிர்வாணமாக, மொட்டை மரத்தில் குத்தப்பட்டுக் கிடக்கிறான். அதன் ஆரம்பப் பிரதி ஒன்றில் 'சிஞ்சோன்காரன்' என்று கோயா குறித்து வைத்திருக்கிறார். பேர் தெரியாத அந்த ஆள் ஒருவேளை அதே சதுக்கத்தில் காய்கறி விற்றவனாக இருக்கலாம்.

அதே கோயா, 1812-ல் தம்பியின் சர்ச்சுக்காகவும் ஒரு படம் வரைந்தார். மாதா விண்ணுக்கு ஏறிச் செல்லும் பெரிய ஓவியம். பலிபீடத்துக்கு மேலே இன்றும் அது இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், கீழே சதுக்கத்தில் குடை விரித்த மேஜைகளில் உட்கார்ந்து ஜனங்கள் பூண்டு போட்ட ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். மேட்டில், சர்ச்சை இழந்த கோபுரத்தில் கடிகாரம்.