தம்புரா கேட்கிறதா?

எங்கள் சித்தப்பா விஞ்ஞான வாத்தியார். 1970-களின் தொடக்கத்தில் கோடை விடுமுறை முழுக்க நான் மாயவரத்தில் அவர் வீட்டில்தான் கிடப்பேன். வாத்தியார் சம்பளத்தில் நாலு ஜீவன்கள் சாப்பிட வேண்டிய வீடு. ஆனால் கூடத்தில் பாட்டுக்கு ஒரு மூலை உண்டு. பழைய வால்வு ரேடியோ ஒன்று. அதன் முதுகில் பிக்-அப் என்று இரண்டு துளைகள் இருக்கும். இசைத்தட்டுச் சுழலியிலிருந்து வரும் ஒயரை அதில் செருகினால் ரேடியோவே பாட்டு மிஷினாகிவிடும். முழு ரெக்கார்ட் பிளேயர் வாங்கப் பணமில்லாத வீடுகள் அப்போது அப்படித்தான் சமாளித்தன.

ஸ்பீக்கர் பெட்டியைச் சித்தப்பாவே செய்திருந்தார். எங்கோ இடித்த வீட்டின் தேக்குப் பலகை. உள்ளே தலையணைக்கு அடைப்பதுபோல் இலவம்பஞ்சு. பஞ்சு எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பஞ்சையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு ஒரு தட்டைப் போட்டார். மிருதங்கத்தின் தொப்பி கும்கும் என்று கூடமெல்லாம் உருண்டது. மறுபடி பஞ்சை அடைத்துப் போட்டார். தொப்பியில் கை விழுவதும், விழுந்து அழுந்துவதும், எடுப்பதும் தனித்தனியாகக் கேட்டன. பெட்டிக்குள் அலைகிற சத்தத்தைப் பஞ்சு குடித்துவிடும் என்றார் பிறகு.

அடுத்த தெருவில் ஒரு பெரிய மிராசுதார் வீடு. அங்கே பீரோ அளவுக்கு ஒரு ரேடியோகிராம் இருந்தது. ஆறேழு தட்டுகளை அடுக்கிவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே விழுந்து பாடும். நான் வாய் பிளந்து பார்த்துவிட்டு வந்து சொன்னால் சித்தப்பா முகம் சுளிப்பார். தட்டின்மேல் தட்டு விழுந்து தேய்வதை அவரால் சகிக்க முடியாது. அந்த ரேடியோகிராமைச் சுவர் மூலையில் ஒட்டி வைத்திருந்ததால் கீழ் ஸ்வரமெல்லாம் வீங்கிக் கேட்டது. “அதுல தம்புரா கேட்டுச்சாடா?” என்பார். கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. மிஷினின் மதிப்பை அவர் அளந்தது அந்த ஒரு கேள்வியால்தான். பாட்டு எதில் வேண்டுமானாலும் கேட்கும், மிருதங்கமும் கேட்டுவிடும். பின்னால் மீட்டிக்கொண்டேயிருக்கும் தம்புராவின் ரீங்காரம், அதிலும் மந்தர ஸட்ஜத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாகக் கிளம்பி வருவது, சரியாக அமைந்த இடத்தில்தான் கேட்கும்.

அது என்னவென்று எனக்குப் புரிந்தது சுப்ரபாதத்தில். எம்.எஸ். பாடிய வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யாக 1963-இல் வந்தது. நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கிக் குழாயில் அதைக் கேட்டே எழுந்தவன். எனக்கு அதில் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு. சித்தப்பா அந்த எல்.பி.யைக் கடன் வாங்கி வந்து ஒரு சாயங்காலம் போட்டார். முதல் சுலோகத்திலேயே திடுக்கிட்டேன். இரண்டு பேர் பாடினார்கள்! எம்.எஸ். குரலோடு ஒட்டிக்கொண்டு, ஒரு நூல் விலகி, ராதா விஸ்வநாதனின் குரல். இத்தனை வருஷமும் கோயில் குழாயில் அவர் இருந்தும் எனக்கு இல்லாமலே போயிருந்தார். இரண்டு குரலுக்கும் அடியில் தம்புரா. தகரக் குழாய்க்குக் கீழ் ஸ்வரங்களைக் கொடுக்கத் தெரியாது, தூரத்துக்கு எட்டும் கூர்மையான சத்தம்தான் அதற்குத் தெரியும் என்று சித்தப்பா விளக்கினார். நான் விளக்கத்தைக் கேட்கிற நிலையில் இல்லை. மறுபடி போடச் சொல்லி நச்சரித்தேன். அவர் போடவில்லை. உடனே திரும்ப ஓட்டினால் சூடேறிய பள்ளம் சீக்கிரம் தேயும், நாளைக்குப் பார்க்கலாம் என்றுவிட்டார்.

முள் விஷயத்தில் அவர் மிகவும் கண்டிப்பு. தாத்தா காலத்துச் சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்று பரணில் இருந்தது. அதில் எஃகு முள். ஒரு பக்கம் பாடி முடித்ததும் மாற்றிவிட வேண்டும். அரக்கோடு கல்மாவு கலந்து செய்த அந்தக் கால 78 தட்டு முள்ளைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்ளும். மாற்றாமல் விட்டால் முள் தட்டைத் தின்னும். சித்தப்பாவின் சுழலியில் நீலக்கல் முள். வைர முள் இன்னும் வெகுநாள் உழைக்கும், ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. 78-க்கு ஒரு முள், எல்.பி.க்கு அதில் மூன்றில் ஒரு பங்கு நுனியுள்ள இன்னொரு முள். ஒரு சிறு நெம்பைத் திருப்பினால் இது போய் அது வரும். திருப்ப மறந்தால் போச்சு. அந்த நெம்பைத் தொட எனக்கு அனுமதி கிடைத்த நாளில் சித்தியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

ஐப்பசி அடைமழையில் ஒருமுறை பாட்டு நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே வந்து ஒரேயடியாக நின்றுவிட்டது. பழைய பிக்-அப்பில் இருந்தது ரோஷல் உப்புப் படிகம். காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கரைந்துபோகும் சரக்கு. காவிரிக் கரைக்கும் அதற்கும் ஒத்துவராது. பிறகு திருச்சியிலிருந்து செராமிக் வகை வாங்கி வந்து பொருத்தினார். அதற்காக அந்தத் தீபாவளிக்கு அவர் வேட்டி எடுக்கவில்லை என்று சித்தி வெகுகாலம் கழித்துச் சொன்னார்.

வேகம்தான் அவருக்குப் பெரிய கவலை. வட்டமான காகிதத்தில் 180 கறுப்புக் கோடுகள் வரைந்து எல்.பி.யின்மேல் வைத்துச் சுழல விடுவார். டியூப்லைட் நொடிக்கு நூறு தடவை மினுக்குவதால், தட்டு நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்று சரியாகச் சுற்றினால் கோடுகள் அசையாமல் நிற்பதாகத் தெரியும். எனக்கு அது மாயாஜாலம். ஆனால் சித்தப்பா அதை முழுக்க நம்பமாட்டார். மின்சாரத்தின் அதிர்வெண்ணே 50-லிருந்து இறங்கிவிட்டால் விளக்கும் மோட்டாரும் சேர்ந்து சோம்பும். கோடுகள் அப்போதும் நின்றுதான் காட்டும். அதனால் பக்கத்தில் சுருதிப்பெட்டி. துருத்தியை அமுக்குவது என் வேலை. எந்தத் தட்டு எந்தக் கட்டைக்குச் சேர வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். கரண்ட் இளைத்த சாயங்காலங்களில் பாட்டு அரைக்கால் கட்டை இறங்கித் தொங்கும். அன்றைக்குக் கச்சேரி கிடையாது, போய்ப் படி என்பார்.

அவருடைய பொக்கிஷம் நாயனத்தில் ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி. மாயவரத்துக்கும் திருவாவடுதுறைக்கும் எவ்வளவு தூரம்? சைக்கிளிலேயே போய் ஆதீனத்துத் திருவிழாவில் அவர் வாசித்ததை நேரில் கேட்டவர் சித்தப்பா. பிள்ளைவாள் 1956-இல் காலமானபோது இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்வாள். விடிய விடிய வாசித்த தோடியை, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம் கொள்ளும் தட்டுக்குள் எப்படி அடக்குவது? அவர் அடக்கினதாகவே தெரியாது. எடுத்த எடுப்பில் காந்தாரத்தில் நின்று அசைத்து, அவசரமே இல்லாதவர்போல் மேலே போவார். சித்தப்பா கண்ணை மூடியபடி கையை உயர்த்தினால் தட்டு தீரப்போகிறது என்று அர்த்தம். யாரும் பேசக்கூடாது. அடுப்படியில் சித்திகூடப் பாத்திரத்தை வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இன்றைக்கு அந்தத் தோடி யாருக்கும் கைபேசியிலேயே கிடைக்கிறது. இது பெரிய பாக்கியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பழைய 78-களை ஏற்றுகிறவர்கள் பலர் வேகத்தைப் பார்ப்பதில்லை. தொடக்ககாலத் தட்டுகள் எல்லாமே சரியாக 78-இல் பதிவானவை அல்ல. கொஞ்சம் முன்பின் இருக்கும். வேகம் கூடினால் நாயனம் சுருதி உயர்ந்த திமிரிப் பக்கம் ஏறிக்கொள்கிறது, நிதானமான கமகம் துள்ளுகிறது, கனத்த ஆண்குரல் பாலகனாகிவிடுகிறது. அதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் அந்த மேதைகள் அப்படித்தான் பாடினார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று தம்புராவையும் சேர்த்துத் துடைத்துவிடுவது இன்னொரு கொடுமை.

போன மாதம் அக்கா மகன் லட்ச ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்கலாமா என்று கேட்டான். முதலில் இருக்கிற பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழு, ஜன்னலுக்குக் கனமான திரை போடு, சுப்ரபாதத்தைப் போட்டு ராதாவின் குரலைத் தனியாகக் கண்டுபிடி என்றேன். கண்டுபிடித்துவிட்டான். இப்போது தம்புராவைத் தேடிக்கொண்டிருக்கிறான். அது கிடைக்கவில்லையென்றால் லட்சத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.