சுவருக்குள் என்ன புதைப்பது?

மாடியில் இரண்டு அறை எடுக்கலாம் என்று போன வைகாசியில் வேலையைத் தொடங்கினோம். பூச்சு வேலைக்கு முன்னால் எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே கேட்டார்: "சார், போனுக்கும் நெட்டுக்கும் தனியா பைப் வேணுமா? இப்ப யாரும் போடுறதில்ல. எல்லாம் வைஃபைதான்."

பெங்களூரிலிருந்து மகனும் அதையேதான் சொன்னான். "எதுக்குப்பா வீண் செலவு?"

வேண்டும் என்று சொல்லிவிட்டேன். காரணம் இரண்டு. ஒன்று, இந்த வீட்டுச் சுவர். இன்னொன்று, 2012-ல் ஓர் இரவு.

சுவர்க் கதையை முதலில் சொல்கிறேன். கீழ்வீட்டை 1991-ல் கட்டினேன். தொலைபேசிக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. என்றைக்காவது வரப்போகிற இணைப்புக்காக, வாசலிலிருந்து ஹால் வரை சுவரைக் கொத்தி ஒரு டெலிபோன் வயரைப் பதித்துப் பூசச் சொன்னேன். பைப் கிடையாது, வெறும் வயர். இணைப்பு வந்த அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்தோம். நாலைந்து ஐப்பசி போனதும் சுவரில் ஓதம் இறங்கி, உள்ளே செம்பில் பச்சை பூத்துவிட்டது. மழை பெய்தால் போனில் பேச்சைவிடக் கரகரப்புதான் அதிகம் கேட்கும். உருவி மாற்றவும் வழியில்லை, சுவரை உடைக்கவும் மனம் வரவில்லை. ஜன்னல் சட்டத்தில் ஓட்டை போட்டுப் புது வயர் இழுத்தோம். பிறகு கேபிள் டிவிக்கு ஓர் ஓட்டை, கடைசியில் ஃபைபருக்கு ஓர் ஓட்டை. எங்கள் ஜன்னல் சட்டத்தைப் பார்த்தாலே முப்பது வருஷத் தொலைத்தொடர்பு வரலாறு தெரியும்.

அதில் கற்றது இதுதான். வயர் பத்து வருஷத்துக்கு ஒருமுறை மாறும், சுவர் மாறாது. புதைக்க வேண்டியது பைப்பை. வயர் அதற்குள் வந்து தங்கிப் போகிற விருந்தாளி.

இனி அந்த இரவு. தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம் 2012. சென்னை நீங்கலாக மற்ற ஊர்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் தவித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அப்படி ஓர் இரவில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. என் செல்போனிலும் சார்ஜ் இல்லை, மனைவியின் செல்போனிலும் இல்லை. இருட்டில் தடவிப் போய் ஹாலில் இருந்த பழைய போனை எடுத்தேன். கொர்ர் என்று டயல் டோன் கேட்டது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையானதை நான் அதுவரை கேட்டதில்லை. 108-ஐ அழைத்தேன், வண்டி வந்தது. அம்மா அதற்குப் பிறகு மூன்று வருஷம் எங்களோடு இருந்தார்.

ஊரே இருண்டு கிடக்கும்போது அந்தப் போன் எப்படி வேலை செய்தது? செம்புக் கம்பிகள் இரண்டும் பேச்சை மட்டும் கொண்டுவரவில்லை. போனுக்குத் தேவையான மின்சாரத்தையும் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கொண்டுவந்தன. அங்கே வரிசையாக பேட்டரிகள் இருக்கும், 48 வோல்ட். நம் வீட்டில் கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன!

இப்போது வீட்டுக்கு வருவது ஃபைபர். அது கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் மட்டும்தான் போகும், மின்சாரம் போகாது. அதில் ஒரு நன்மையும் உண்டு. சிறுமலைப் பக்கம் இடி இடித்தால் செம்பு வயர் வழியாக வந்து மோடத்தைக் கருக்கும். அந்தத் தொல்லை இழையில் இல்லை. ஆனால் வீட்டில் மாட்டும் பெட்டிக்கு நம் மின்சாரம்தான் வேண்டும். கரண்ட் போனால் பெட்டி அணையும், அதோடு நெட்டும் லேண்ட்லைனும் அணையும். செம்பு சும்மா தந்த ஒன்றை இனி நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஆகவே எலக்ட்ரீஷியன் தம்பியிடம் இப்படிக் கேட்டுக்கொண்டேன். ஃபைபர் பெட்டி கீழ் ஹாலில் ஓரிடத்தில், அதன் பிளக் இன்வெர்ட்டர் லைனில். (இன்வெர்ட்டர் இல்லாதவர்கள், பெட்டியின் வோல்ட் பார்த்து அதற்கேற்ற சின்ன யூபிஎஸ் வாங்கினால் போதும்.) அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி பைப், 25 மில்லிமீட்டர். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குத் தொடராகப் போகக் கூடாது. ஒன்று கெட்டால் எல்லாம் கெடும். கரண்ட் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்கக் கூடாது, பக்கத்தில் போனால் ஓர் அடியாவது தள்ளிப் போக வேண்டும். ஒவ்வொரு பைப்பிலும் நாளைக்கு வேறு வயர் இழுக்க ஒரு நைலான் கயிறு.

உள்ளே இழுப்பதற்கு கேட் 6 கேபிள். நெட்டுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என்று இரண்டு விதம் வாங்க வேண்டியதில்லை. இதில் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. போனுக்கு நடுவில் உள்ள நீல ஜோடி ஒன்றே போதும். இன்றைக்குப் போன் மாட்டிய முனையில் நாளைக்குக் கம்ப்யூட்டர் மாட்டலாம். ஒரே இழுப்பில் 100 மீட்டர் வரை தாங்கும். நம் வீடு எந்த மூலைக்கு!

கடையில் 305 மீட்டர் பெட்டி ஒன்றைப் பாதி விலைக்குக் காட்டினார்கள். தூக்கிப் பார்த்தேன், லேசாக இருந்தது. சின்ன வயதில் எங்கள் தெருவில் பூட்டுப் பட்டறை வைத்திருந்த பெரியவர், "பூட்டைக் கண்ணால பாக்காதடா, கையால பாரு" என்பார். அது ஞாபகம் வந்தது. முனையைக் கொஞ்சம் வெட்டச் சொல்லி, கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம்! கேட் 6 என்றால் முழுச் செம்பாக இருக்க வேண்டும். முலாம் கம்பி நாலு முறை மடக்கினால் ஒடியும், மின்தடையும் கூடுதல். சுரண்டினாலும் சிவப்பாகவே இருந்த இன்னொரு பெட்டியை வாங்கி வந்தோம்.

வேலை முடிந்து மகன் வந்திருந்தான். கீழே இருக்கும் வைஃபை கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு ஒழுங்காக ஏறவில்லை. லேப்டாப்பில் வயரைச் சொருகிக்கொண்டு ஆபீஸ் வேலை பார்த்தான். வீண் செலவு என்ற பேச்சு பிறகு வரவில்லை.

அம்மாவின் அன்றைய வயதை நோக்கி இப்போது நாங்கள் இருவரும் போய்க்கொண்டிருக்கிறோம். அதனால் எங்கள் படுக்கையின் தலைமாட்டில், கை எட்டும் இடத்தில் ஒரு போன் வைத்திருக்கிறேன். போன வாரம் ராத்திரி அதைச் சோதித்துப் பார்க்க, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஹால் இருட்டில் நின்றுகொண்டு செல்போனிலிருந்து எங்கள் எண்ணுக்கே அடித்தேன். உள்ளே மணி அடித்தது.

"ஏங்க, கரண்டு போன நேரத்துல யாருங்க போன் பண்றது?" என்று மனைவியின் குரல் கேட்டது.

"நான்தான், எடு" என்றேன்.