இருட்டுக்கு ஏற்ற காமிரா

நைட் கிளப்புக்கும் குடும்பப் பத்திரிகைக்கும் என்ன ஐயா சம்பந்தம் என்று புருவத்தை உயர்த்தாதீர்கள், நேயர்களே! பெங்களூரில் ஒரு பிள்ளையாவது உத்தியோகம் பார்க்காத குடும்பம் நம்மில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் என் அக்காவின் மகன். கம்ப்யூட்டர் கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தபோது அவனும் வெளியே வந்தான். ஆறு மாதம் சும்மா இருந்தவனுக்கு ஒரு நைட் கிளப்பில் சனிக்கிழமை இரவுகளில் போட்டோ எடுக்கும் வேலை கிடைத்தது. காமிரா மட்டும் அவனுடையதாக இருக்க வேண்டுமாம்.

அக்கா, ஒழுகுகிற மொட்டை மாடியைச் சரி செய்யச் சீட்டுப் போட்டு வைத்திருந்த 80,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தாள். என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "தம்பி, அவன் அங்கே குடிக்காமல் இருக்கிறானா என்பதை நான் பார்த்துக் கொள்கிறேன். பணம் வீணாகாமல் நீ பார்த்துக் கொள்."

பத்திரிகை ஆபீஸில் போட்டோகிராபர்களோடு பத்து வருஷம் ஊர் சுற்றியவன் என்ற தகுதியில் நான் கூடப் போனேன்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது மெகாபிக்ஸல் கணக்கில் பேர் போன புதுக் காமிரா. கூடவே அதோடு வரும் ஜூம் லென்ஸ். பையனின் கண்கள் விரிந்தன. "மாமா, இதுவே போதுமே!" என்றான். போதாது என்பதற்குக் காரணம் காமிராவில் இல்லை, இருட்டில் இருக்கிறது.

நம் கண் இருட்டுக்குப் பழகிக் கொள்ளும். கிளப்புக்குள் நுழைந்த கால் மணியில் நமக்கு எல்லாம் துலக்கமாகத் தெரியும். காமிராவுக்கோ அது அமாவாசைதான். லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கிறது என்பதை எஃப் எண் சொல்லும். எண் சிறிதானால் வாய் பெரிது. கூட வரும் ஜூம் லென்ஸ் பெரும்பாலும் எஃப் 3.5-இல் ஆரம்பித்து, இழுத்தால் 5.6-க்குப் போய் நிற்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிடச் சுமார் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும்.

"அப்படியானால் 1.8 வாங்கி விடலாம்" என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல். வாய் அகன்றால் துலக்கமாக விழும் ஆழம் குறுகி விடும். ஆடுகிறவன் ஒரு சாண் முன்னே வந்தால் மூக்கு தெளிவாகவும் காது மங்கலாகவும் விழும். அசையாமல் நின்று இசைத்தட்டுச் சுழற்றுகிறவரைப் படம் எடுக்க அது உத்தமம். குதிக்கிற கூட்டத்துக்கு அது ஒத்து வராது.

ஆகவே வெளிச்சத்தைத் தேடுவதா, கூடவே எடுத்துப் போவதா என்பதுதான் கேள்வி. பாரிஸ் நகரத்து இரவுகளைப் படம் பிடித்துப் புகழ் பெற்ற பிராஸ்ஸாய் இதற்கு 1930-களிலேயே பதில் சொல்லி விட்டார். ஹங்கேரிக்காரர், கண்ணாடித் தகடு போடுகிற பெட்டிக் காமிராவைத் தூக்கிக் கொண்டு மதுச்சாலைகளுக்கும் நடனக் கூடங்களுக்கும் போனார். மெக்னீசியப் பொடியைப் பற்ற வைத்து வெளிச்சம் உண்டாக்கினார். பளீரென்று வெடித்து, கூடம் முழுவதும் புகை சூழும். இன்று அந்த வெடியின் வேலையை உள்ளங்கை அகல எலக்ட்ரானிக் பிளாஷ் செய்கிறது, புகையும் இல்லாமல்!

பிளாஷின் ரகசியம் அதன் வேகம். சக்தியைக் குறைத்து வைத்தால் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே அது மின்னி மறையும். எவ்வளவு துள்ளினாலும் அந்தக் கணத்தில் ஆள் சிலை. ஷட்டரை மட்டும் பத்தில் ஒரு பங்கு விநாடி திறந்து வைத்தால், பின்னால் இருக்கும் வண்ண விளக்குகள் கோடு கோடாக இழுபட்டு விழும். முகம் தெளிவு, சுற்றிலும் தீபாவளி! ஷட்டர் மூடும் தருவாயில் மின்னும்படி பிளாஷை வைத்துக் கொண்டால் அந்தக் கோடுகள் ஆடுகிறவருக்குப் பின்னால் வால் போல அமையும்.

கல்யாண மண்டபத்தில் செய்வது போல பிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்பலாமே என்பீர்கள். கிளப்புகளின் கூரை பெரும்பாலும் கறுப்பு. அடித்த வெளிச்சம் திரும்பி வராது. புகை யந்திரம் ஓடும்போது நேரே அடித்தால் படத்தில் பனிமூட்டம்தான். அப்போது கிட்டே போக வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் பிளாஷ் வெளிச்சம் கால் பங்காகி விடும் என்பதால் கிட்டே போவது இரு வகையிலும் லாபம். கிட்டே போக அகன்ற கோணமுள்ள லென்ஸ் வேண்டும்.

இருட்டில் தானியங்கிக் குவியம் தடுமாறும். அதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. முழுச் சட்டக் காமிராவில் 24 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் நிறுத்தி, 2 மீட்டரில் குறி வைத்து விட்டால், சுமார் 1.1 மீட்டரிலிருந்து 11 மீட்டர் வரை எல்லாம் துலக்கமாக விழும். பிறகு குறியைத் தொடவே வேண்டாம். இந்த வைத்தியத்துக்கு விலை உயர்ந்த லென்ஸும் தேவையில்லை; 2.8 லென்ஸே ஏராளம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். லேசர் கற்றை நேரே லென்ஸில் விழுந்தால் உள்ளே இருக்கும் ஒளியுணர் தகடு நிரந்தரமாகப் பொசுங்கலாம். கண்ணாடி இல்லாத புதுரகக் காமிராக்களில் அந்தத் தகடு எப்போதும் திறந்தே இருப்பதால் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். மற்றொன்று காது. உலக சுகாதார ஸ்தாபனம் 2022-இல் இத்தகைய இடங்களின் சராசரி ஓசை 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வகுத்தது. காமிராவுக்கு உறை வாங்குகிறவன் காதுக்கு அடைப்பான் வாங்க வேண்டாமா?

முடிவில் நாங்கள் வாங்கியது: இரண்டாங்கை முழுச் சட்டக் காமிரா ஒன்று, ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தே வாங்கினோம். 24 மி.மீ. சாதாரண லென்ஸ், நல்ல பிளாஷ், மறுபடி சார்ஜ் செய்யும் பாட்டரி மூன்று செட், காதடைப்பான் ஒரு ஜோடி. அக்காவுக்குத் திருப்பிக் கொடுக்கக் கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

சாமான் சரியாகி விட்டது. ஆனால் பிளாஷ் மின்னும் இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்களே! மாலி நாட்டின் பமாகோ நகரில் மாலிக் சிதிபே என்ற போட்டோகிராபர் இருந்தார். 1960-இல் நாடு சுதந்திரம் அடைந்த பிறகு இளைஞர்களின் நடன விருந்துகளுக்கெல்லாம் போய்ப் படம் எடுத்தார். 1963-இல் ஒரு கிறிஸ்துமஸ் இரவில் அண்ணனும் தங்கையும் ஆடுவதை எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. 2007-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் விருதும் வந்தது. அவருடைய வழக்கம்தான் எனக்குப் பிடித்தது. எடுத்த படங்களைச் சின்னதாக அச்சிட்டுத் தம் ஸ்டூடியோவில் பார்வைக்கு வைப்பாராம். ஆடியவர்களே வந்து தங்கள் படத்தைப் பொறுக்கிக் கொள்வார்களாம். படம் எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் இடையே ஒளிவு மறைவு கிடையாது.

பெர்லினில் பெர்க்ஹைன் என்று ஒரு கிளப். அங்கே படமே எடுக்கக் கூடாது. வாசலிலேயே போனின் காமிராக் கண் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி அனுப்புகிறார்கள். இருட்டை நம்பி வந்தவர்களை வெளிச்சம் போட்டுக் காட்டக் கூடாது என்பது அவர்கள் நியாயம். பையனிடம் இரண்டையும் சொன்னேன். "அங்கே நின்றுகொண்டு ஒவ்வொருவரிடமும் கேட்க முடியுமா, மாமா?" என்றான். "காமிராவைத் தூக்கிக் காட்டு, சிரித்தால் எடு, கை மறைத்தால் நகர்ந்து விடு" என்றேன்.

மூன்றாவது சனிக்கிழமை, கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் படம் அபாரமாக விழுந்து விட்டது. விளம்பரத்துக்கு அதுதான் வேண்டும் என்றார் மேனேஜர். போகும்போது அந்தப் பெண் இவனிடம் வந்து, "வீட்டில் தெரியாது, தயவு செய்து அழித்து விடுங்கள்" என்றாளாம். அவள் கண்ணெதிரிலேயே அழித்து விட்டான். அடுத்த சனிக்கிழமை அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. அந்த இரண்டு வாரமும் அவன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாவது வாரம் அந்தப் பெண்ணின் சிநேகிதி ஒருத்தி, தன் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுக்க இவனைத் தேடிப் பிடித்தாள். மறுபடி கிளப்பிலிருந்தும் அழைப்பு வந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை காமிரா கேட்பான். லென்ஸைப் பாருங்கள், பிளாஷைப் பாருங்கள், பாட்டரியைப் பாருங்கள். அழிக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதையும் அவனுக்குக் காட்டிக் கொடுங்கள்.