ஏகலைவன் எதைப் பார்த்து அம்பு விட்டான்?

ஏகலைவன் என்றதும் நம் எல்லாருக்கும் கட்டைவிரல்தான் நினைவுக்கு வருகிறது. மேடையில் பேசும் நாமும் அந்த விரலோடு நின்றுவிடுகிறோம். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் இரவுப் பாடசாலையில் ஒருநாள் அந்தக் கதையைச் சொல்லி முடித்தோம். ஏழாவது படிக்கும் பாப்பா ஒன்று எழுந்து, "அண்ணா, அவரு குருவை மண்ணுல செஞ்சாரு, சரி. எதைப் பார்த்து அம்பு விட்டாரு?" என்று கேட்டது.

எங்களிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய் தேடிப் பார்த்தோம். மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் அரசகுமாரர்களுக்குத் துரோணர் பரீட்சை வைக்கிறார். மரத்தின் உச்சியில் ஒரு பொம்மைப் பறவை. பறவையின் கண் மட்டும் தெரிகிறது என்று அர்ச்சுனன் சொன்னதாக நாம் பள்ளியில் படித்த அதே கதை. அந்தப் பறவையைக் கைவினைஞர்கள் செய்தார்கள் என்று ஒரே வார்த்தையில் அங்கே வருகிறது. அவர்களுக்குப் பெயர் இல்லை. செய்தவர்களில் யாராவது ஓர் அம்பு விட்டுப் பார்த்தார்களா என்பதும் இல்லை. ஏகலைவனின் இலக்கைப் பற்றியோ ஒரு வார்த்தைகூட இல்லை.

எங்கள் வில்வித்தைப் பயிற்சி இப்படித்தான் தொடங்கியது. 2023-ஆம் ஆண்டு. ஒரு கல்லூரித் தோழர் தன் பழைய பயிற்சி வில் இரண்டையும் பதினைந்து அம்புகளையும் கொடுத்தார். வில் வந்துவிட்டது, இலக்கு இல்லை. கடையில் விற்கும் நல்ல ஃபோம் இலக்கு பல ஆயிரம் ரூபாய். எங்கள் கையிருப்பில் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கே காசு இல்லை.

ஆனால் எங்களைச் சுற்றி சிப்காட் இருக்கிறது. இரும்பு ஆலை, வாகன உதிரிபாகம், பிளாஸ்டிக், மருந்து என்று கம்பெனிகள். அவற்றைக் கூட்டிப் பெருக்குவது எங்கள் அம்மாக்களும் அக்காக்களும்தான். 'ஹவுஸ்கீப்பிங்' என்று பெயர், கான்ட்ராக்ட் கூலி. எந்த கேட்டில் எந்தக் கிழமை என்ன கழிவு வெளியே வரும், அது எந்தக் காயலான் கடைக்குப் போகும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எங்கள் முதல் ஆசிரியர்கள் அவர்கள்தான்.

ஒரு காயலான் கடை அண்ணாச்சியிடம் போய் நின்றோம். "இன்னாத்துக்குப்பா சாக்கு?" என்றார். சொன்னோம். சிரித்துவிட்டு, "அட்டை கிலோ பதினஞ்சு ரூபா. கிழிஞ்ச பிளாஸ்டிக் ஷீட்டு சும்மா எடுத்துக்கோ, எடைக்குத் தேறாது" என்றார். சாக்குக் குவியலில் நாங்கள் கை வைத்ததும் கூட வந்த அக்கா தடுத்தார். "அது வேணாம் கண்ணு. மருந்து கம்பெனி சாக்கு. தொட்டா அரிக்கும்." அவர் தன் முழங்கையைக் காட்டினார். ரசாயனம், சாயம், மருந்து வந்த சாக்கு எதையும் தொடுவதில்லை என்பது அன்று முதல் எங்கள் முதல் விதி.

செய்முறையையும் எழுதிவிடுகிறோம். எங்களைப் போல வேறு காலனித் தோழர்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் தெர்மாகோலில் செய்தோம். அம்பு மறுபக்கம் போய் விழுந்தது, ஊரெல்லாம் வெள்ளைத் துகள். அடுத்து சாக்கில் மணல் நிரப்பினோம். மூன்று அம்புகளின் முனை வளைந்ததுதான் மிச்சம். பழைய டயர் வேண்டாம் என்று வில் கொடுத்த தோழர் முன்பே எச்சரித்திருந்தார். ரப்பரில் பட்ட அம்பு விட்டவரை நோக்கியே திரும்பி வரலாம். பலகையும் அப்படித்தான், ஒன்று தெறிக்கும், இல்லை பிடுங்க வராது.

அப்புறம்தான் புரிந்தது. அம்பை மோதி நிறுத்தக் கூடாது, உரசி நிறுத்த வேண்டும். கட்டியான பொருள் அம்பை உடைக்கும். நெருக்கமாக அடுக்கிய மென்மையான பொருள் அம்பின் உடலை நாலு பக்கமும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு வகை இலக்கு தேறியது. ஒன்று சாக்கு இலக்கு. பிளாஸ்டிக் குருணை வந்த பெரிய சாக்கு ஒன்றில், பேலட்டைச் சுற்றி வரும் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டையும் பனியன் வேஸ்ட்டையும் பழைய புடவையையும் அடைத்தோம். பட்டன், ஊக்கு, ஜிப் எல்லாவற்றையும் முதலில் வெட்டி எடுத்துவிட வேண்டும். காலால் மிதித்து மிதித்து அடைக்க வேண்டும். ஒரு வாரத்தில் துணி கீழே இறங்கி மேலே வெற்றிடம் விழும், மறுபடி அடைக்க வேண்டும்.

இன்னொன்று அட்டை இலக்கு. அட்டைப் பெட்டிகளைப் பிரித்து ஓர் அடி அகலத்துக்குப் பட்டை பட்டையாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினோம். அட்டையின் முகம் அல்ல, வெட்டிய விளிம்புதான் அம்பைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அம்பு இரண்டு அட்டைகளுக்கு நடுவே நுழைந்து பிடிபடும். மேலும் கீழும் பேலட் கட்டை வைத்து, இரு பக்கமும் நீளமான போல்ட் கொடுத்து நட்டை முடுக்கினோம். அட்டை தளரத் தளர நட்டை இறுக்கினால் போதும். அம்பைப் பிடுங்க ஒரு துண்டு சைக்கிள் டியூப். பிளாஸ்டிக் உருகி அம்பில் ஒட்டினால் கொஞ்சம் சோப்பு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தபோது அட்டை இலக்கு ஊறிப்போய்க் கூழாக நின்றது. சாக்கு இலக்கு சொட்டிக்கொண்டே இருந்தாலும் தப்பித்துவிட்டது. மழைக்காலத்துக்குச் சாக்கு, கோடைக்கு அட்டை என்று அன்று முடிவானது.

முகம் வரைவது குழந்தைகள் வேலை. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்தில் 122 செ.மீ. அகல இலக்கு. நாங்கள் 15 மீட்டரில் 80 செ.மீ. முகம் வைக்கிறோம். ஆணி, நூல், பென்சில் இருந்தால் போதும். நாலு நாலு செ.மீ. கூட்டிப் பத்து வட்டம், இரண்டிரண்டு வட்டத்துக்கு ஒரு நிறம். வெளியிலிருந்து வெள்ளை, கறுப்பு, நீலம், சிவப்பு, நடுவில் மஞ்சள். தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் நடுப்புள்ளி. இங்கே ஒரு பெரிய சண்டை வந்தது. "நீலம்தான் நடுவுல வரணும்" என்றது ஒரு கூட்டம். "நீலத்து மேல அம்பு விடுவியா?" என்றது இன்னொரு கூட்டம். போட்டிக்குப் போனால் அங்கே மஞ்சள்தான் நடுவில் இருக்கும் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினோம். பாதிப் பேர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பயிற்சிக்கு இருளர் குடியிருப்பிலிருந்து இரண்டு பையன்கள் வருகிறார்கள். பார்க்க வந்த ஒரு பெரியவர், "இவனுங்களுக்கு ரத்தத்துலயே வேட்டைதானே" என்றார். அதில் ஒருவனுக்கு மூன்று வாரம் ஓர் அம்புகூட சாக்கில் படவில்லை. தினமும் வந்தான், நாலாவது வாரம் பட்டது. இந்த 'ரத்தம்' பேச்சைக் கேட்டால் புகழ்ச்சி போலத்தான் இருக்கும், தோழர்களே. ஆனால் ரத்தத்தில் இருப்பவனுக்கு எதற்குப் பயிற்சியாளர், எதற்கு மைதானம், எதற்கு முட்டை, பால் என்று அடுத்த வரியிலேயே கை விரித்துவிடுவார்கள். ராஜஸ்தான் ஆதிவாசி லிம்பா ராம் 1988, 1992, 1996 என்று மூன்று ஒலிம்பிக் போனார். மூங்கில் வில்லோடு தொடங்கிய ஆட்டோ ஓட்டுநர் மகள் தீபிகா குமாரி 2010 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். அவர்கள் உழைப்பு பெரியது. அதோடு, இருவருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் பயிற்சிக் கூடத்தின் கதவு திறந்தது. ஒலிம்பிக் வில்வித்தையில் 2024 பாரிஸ் வரை இந்தியாவுக்கு ஒரு பதக்கமும் இல்லை. கதவு திறக்காத குடியிருப்புகள் எத்தனை என்று நாம் கேட்க வேண்டாமா? இந்த நாடு சிறந்த வீரருக்குத் தரும் விருது அர்ச்சுனா, சிறந்த பயிற்சியாளருக்குத் தரும் விருது துரோணாச்சாரியா. அதையும் யோசியுங்கள்.

இனி இடத்தின் கதை. ஊர்ப்பக்கம் ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே நாங்கள் விளையாடினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கில், மண்மேட்டை முதுகாக வைத்து இலக்கை நிறுத்தினோம். ஒரு மாதத்தில் புகார் போனது. "காலனிப் பசங்க ஆயுதப் பயிற்சி எடுக்கிறாங்க." காவலர்கள் வந்தார்கள். வில்லைப் பார்த்தார்கள், சாக்கைத் தட்டிப் பார்த்தார்கள். "இன்னா நைனா இது, குப்பை மூட்டை" என்று ஒருவர் சிரித்தார். ஆனாலும் வில்லை எடுத்துப் போனார்கள். பதினோரு நாள் கழித்து, எங்களில் நான்கு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் திருப்பித் தந்தார்கள்.

அந்தப் பதினோரு நாளும் குழந்தைகள் வெறும் கையால் நாண் இழுத்துப் பழகினார்கள். எங்களுக்குத்தான் தூக்கம் இல்லை. ஒரு பையன் மேல் வழக்கு விழுந்திருந்தால்? படிப்பு, வேலை, பாஸ்போர்ட்? குப்பையில் இலக்கு செய்த பெருமையில், மண் யார் கையில் இருக்கிறது என்பதை நாங்கள் மறந்திருந்தோம்.

இந்த மண்ணின் கணக்கு பழையது. திருவள்ளூர் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் நம் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. எங்கள் வட்டத்திலேயே தேர்வாய் கண்டிகையில் தலித் மக்கள் ஆடு மாடு மேய்த்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பொதுநிலம் சிப்காட்டுக்குப் போனது. அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள், 2012-இல் பிரான்ஸ் வரை புகார் கொண்டுபோனார்கள். மேய்ச்சல் நிலம் போன இடத்திலிருந்து நமக்குத் திரும்பி வருவது பெருக்கும் வேலையும் அட்டைப் பெட்டியும். அந்த அட்டையில் நாங்கள் செய்த இலக்கை நிறுத்தவும் இடம் இல்லை.

அதனால் 'குப்பையில் சாதித்த குழந்தைகள்' என்று யாராவது எங்களைப் பாராட்ட வந்தால், நன்றி சொல்லிவிட்டு மனுவின் நகலைக் கையில் கொடுக்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊரின் பொதுச் சொத்தை மற்றவர்களைப் போல நாம் பயன்படுத்துவதைத் தடுப்பது அதன்படி குற்றம். அரசுப் பணத்தில் பராமரிக்கும் பொது இடங்களைப் பயன்படுத்தச் சாதி தடையாக இருக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15(2) சொல்கிறது. இந்த இரண்டையும் எழுதி, பயிற்சிக்கு இடம் ஒதுக்கக் கேட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு மனு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு ஒரு பள்ளித் தலைமையாசிரியை ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பின்பக்க மதிலோரம் நின்றுகொள்ளச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் ஊரில் செய்யத் தொடங்கும் தோழர்களுக்கு நாங்கள் அனுபவத்தில் கற்ற சில வார்த்தைகள். முதல் அம்புக்கு முன்பே பயிற்சியாளர் பெயர், நேரம், இடம் எழுதி ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் தபாலில் தகவல் அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இலக்கின் பின்னால் மண்மேடோ மதிலோ இல்லாமல் நாண் இழுக்காதீர்கள். எல்லாரும் விட்டு முடித்து வில்லைக் கீழே வைத்த பிறகே அம்பு பொறுக்கப் போக வேண்டும். ஒரு விபத்து நடந்தால் போதும், அதையே காரணம் காட்டி நம்மை மொத்தமாக நிறுத்திவிடுவார்கள்.

அந்தக் கேள்வி கேட்ட பாப்பா இப்போது எட்டாவது. போன ஞாயிறு மூன்று அம்பில் இரண்டை மஞ்சளில் போட்டது. மூன்றாவது நீலத்தில். "தெரிஞ்சேதான் போட்டேன்" என்றது. நாங்கள் நம்பவில்லை.

ஜெய் பீம்!